உங்கள் வகுப்பில் பிரபலமானவர் யார்?

ஓய்வு நேர மணி அடித்ததும் உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை எப்படி நிரம்புகிறது என்று என்றாவது நின்று பார்த்ததுண்டா, மாணவர்களே? எந்த மேசையிலும் பெயர் எழுதி ஒட்டவில்லை. இருந்தாலும் காற்றாடிக்குக் கீழே உள்ள மேசை காற்பந்துக் குழுவினருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு மேசையில் சீனமொழி, அடுத்ததில் மலாய், சுவரோரம் தமிழ். மாணவர் தலைவர்கள் ஒரு பக்கம். மீ கோரெங் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கும் ஓரிருவரும் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

அந்த ஓரிருவரில் நீங்கள் ஒருவர் என்றால், இந்தக் கட்டுரை முதலில் உங்களுக்குத்தான். காற்றாடி மேசைக்காரர்களும் படிக்கலாம். அவர்களைப் பற்றியும் இதில் உண்டு.

சுங்கை புரோங், தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்த அனுபவம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளி சிறியது. ஆறாம் ஆண்டில் பத்துப் பேர் இருந்தால் அந்தப் பத்துப் பேரும் முதலாம் ஆண்டு முதல் ஒன்றாகப் படித்தவர்கள். சிற்றுண்டிச்சாலை அக்காவுக்குக்கூட உங்கள் பெயர் தெரியும், உங்கள் அம்மாவின் பெயரும் தெரியும். அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளி. ஒரே படிவத்தில் ஐந்தாறு வகுப்புகள். பத்துப் பேரும் ஆளுக்கொரு வகுப்பாகப் பிரிக்கப்படுகிறார்கள். சிலர் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு, தங்களைவிட ஒரு வயது குறைந்தவர்களோடு படிவம் ஒன்றில் அமர்கிறார்கள். நேற்றுவரை பள்ளிக்கே தெரிந்த பிள்ளை, இன்று வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் மட்டும்.

அப்போது மனத்தில் ஒரு கேள்வி எழும்: “எல்லாருக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இல்லை? என்னிடம் என்ன குறை?” இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதியை அறிவியல் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஒருவருடைய குணத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பார் என்கிறது.

ஓடிப்போன 14 பெண்கள்

1932ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில், பெண் பிள்ளைகளுக்கான ஒரு சீர்திருத்தப் பள்ளி இருந்தது. மாணவிகள் பல குடில்களில் பிரிந்து தங்கியிருந்தார்கள. அந்த ஆண்டில் இரண்டே வாரங்களில் 14 பேர் அங்கிருந்து ஓடிப்போனார்கள். வழக்கத்தைவிட இது பல மடங்கு அதிகம். ஓடியவர்களின் குணத்தில் என்ன கோளாறு என்றுதான் எல்லாரும் தேடினார்கள்.

ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் வேறு விதமாகத் தேடினார். ஹெலன் ஜென்னிங்ஸ் என்பவருடன் சேர்ந்து, மாணவிகளிடம் “யாருடன் ஒரே குடிலில் இருக்க விரும்புகிறாய்?” என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார். கிடைத்த விடைகளைத் தாளில் வரைந்தார். ஒவ்வொரு மாணவியும் ஒரு புள்ளி. ஒவ்வொரு தேர்வும் ஒரு கோடு. வரைந்து முடித்தபோது, ஓடியவர்கள் வெவ்வேறு குடில்களில் இருந்தும் கோடுகளால் ஒருவரோடு ஒருவர் இணைந்திருந்தது தெரிந்தது. ஓடிப்போகும் எண்ணம் அந்தக் கோடுகளின் வழியாகவே பரவியிருக்கிறது என்றார் மொரேனோ. எந்தப் புள்ளியில் இருந்தாள் என்பது, எப்படிப்பட்டவள் என்பதைவிட அதிகம் சொன்னது.

அடுத்த ஆண்டு, 1933 ஏப்ரலில், நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இந்தப் படங்களைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. உணர்ச்சிகளுக்கும் நிலப்படம் வரைய முடியும் என்பது அன்றைக்குப் பெரிய புதுமை. இந்தப் படத்தை நாம் நட்பு வரைபடம் என்று அழைக்கலாம். இன்று தொற்றுநோய் பரவுவதைக் கணிப்பதற்கும் சமூக ஊடகம் உங்களுக்கு யாரைப் பரிந்துரைக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கும் இதே புள்ளியும் கோடும்தான் அடிப்படை.

ஒரு சிறு கணக்கு

நாமும் ஒன்று வரைவோம். ஐந்து புள்ளிகள் போடுங்கள். பெயர்கள்: கவிதா, முகிலன், தேவன், ஐனா, மெய் லிங். கவிதாவுக்கு மற்ற நால்வரும் நண்பர்கள். நான்கு கோடுகள் ஆயிற்று. முகிலனும் தேவனும் தங்களுக்குள் நண்பர்கள். ஐந்தாவது கோடு. அவ்வளவுதான்.

இப்போது எண்ணுங்கள். கவிதாவுக்கு 4 நண்பர்கள். முகிலனுக்கும் தேவனுக்கும் தலா 2. ஐனாவுக்கும் மெய் லிங்குக்கும் தலா 1. மொத்தம் 10. ஐந்து பேருக்கு வகுத்தால் சராசரி 2.

அடுத்து ஒவ்வொருவரும் தம் நண்பர்களைப் பார்க்கட்டும். ஐனாவின் ஒரே நண்பர் கவிதா. அவருக்கோ 4 பேர். மெய் லிங்குக்கும் அப்படியே. முகிலனின் நண்பர்கள் கவிதாவும் (4) தேவனும் (2), சராசரி 3. தேவனுக்கும் 3. ஆக, ஐந்து பேரில் நான்கு பேர் “என் நண்பர்களுக்கு என்னைவிட நண்பர்கள் அதிகம்” என்று நினைப்பார்கள். அவர்கள் நினைப்பது சரியும்கூட! கவிதாவுக்கு மட்டும்தான் நிலைமை தலைகீழ்.

இது எப்படி நடக்கிறது? கவிதா நான்கு பேருடைய பட்டியலில் இருக்கிறார். ஐனா ஒருவருடைய பட்டியலில் மட்டுமே இருக்கிறார். அதனால் நண்பர்களைப் பார்க்கும்போது கவிதா போன்றவர்களே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறார்கள். ஐனா போன்றவர்கள் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. ஐனாவுக்கோ, தன்னைப் போலவே இன்னொருவர் இருக்கிறார் என்பதே தெரியாது. மெய் லிங்கை அவர் பார்க்கவே வாய்ப்பில்லை, படத்தில் அவர்கள் இருவருக்கும் இடையே கோடு கிடையாது.

ஸ்காட் ஃபெல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1991இல் இதை நிறுவிக் காட்டினார். நட்பு முரண் என்று இதைச் சொல்லலாம். அவர் பயன்படுத்திய தகவல்களில், ஜேம்ஸ் கோல்மன் 1950களின் இறுதியில் இல்லினாய்ஸ் மாநில உயர்நிலைப்பள்ளிகளில் திரட்டிய நட்புப் பட்டியல்களும் அடங்கும். பிறகு 2011இல் பேஸ்புக்கின் 721 மில்லியன் பயனர்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 93 விழுக்காட்டினரின் நண்பர்களுக்கு, சராசரியாக அவர்களைவிட நண்பர்கள் அதிகம். நூற்றுக்கு 93 பேர்! எல்லாரிடமும் ஏதோ குறை என்று சொல்ல முடியுமா?

இதற்கு மருத்துவப் பயனும் உண்டு. 2009இல் எச்1என்1 காய்ச்சல் பரவிய காலத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 744 பேரைக் கவனித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் எழுந்தமானமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மற்றவர்கள் “என் நண்பர்” என்று பிறரால் பெயர் சொல்லப்பட்டவர்கள். இரண்டாம் பகுதியினருக்குக் காய்ச்சல் ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகவே வந்தது. கோடுகள் அதிகம் உள்ள புள்ளிக்குச் செய்தியும் முதலில் வரும், சளியும் முதலில் வரும்.

பக்கத்து வீடும் பொதுக் குழாயும்

சரி, கவிதாவுக்கு மட்டும் ஏன் நான்கு கோடுகள்? அவர் கலகலப்பானவராக இருக்கலாம். அவருடைய நாற்காலி வகுப்பின் நடுவில் இருப்பதும் காரணமாக இருக்கலாம்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் திருமணமான மாணவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு ஒன்றை லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய இரண்டு சகாக்களும் ஆராய்ந்து 1950இல் நூலாக வெளியிட்டார்கள். யார் எந்த வீட்டில் இருப்பது என்பதைக் குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் அடுத்த கதவுக்காரரை நண்பர் என்று சொன்னவர்கள் 41 விழுக்காடு. அதே மாடியின் மறுகோடியில் இருப்பவரைச் சொன்னவர்கள் 10 விழுக்காடுதான். படிக்கட்டுக்கும் அஞ்சல் பெட்டிக்கும் அருகில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள். எல்லாரும் அவர்கள் வாசலைக் கடந்துதானே போக வேண்டும்!

தோட்டத்து லயத்தில் வாழ்ந்த உங்கள் பாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். “இதைக் கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகமா?” என்று கேட்பார். பொதுக் குழாய் யார் வீட்டருகில் இருந்ததோ, அந்த வீட்டுக்காரிக்குத்தான் லயத்துச் செய்தி எல்லாம் முதலில் தெரியும்.

வகுப்பறையிலும் இதுவே நடக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் காவல்துறைப் பயிற்சியாளர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைத்தார்கள். பயிற்சிக் காலத்தில் அவர்களுக்குள் உண்டான நட்பை மேடி சீகல் ஆராய்ந்து 1974இல் எழுதினார். பெயரின் முதலெழுத்து அருகருகே இருந்தவர்களே நண்பர்களாகியிருந்தார்கள். மதம், வயது, பொழுதுபோக்கு எல்லாவற்றையும்விட எழுத்து வரிசை வலிமையாக இருந்தது. உங்கள் உயிர்த்தோழனை ஒருவேளை உங்கள் வகுப்பாசிரியரின் பெயர்ப்பட்டியலே உங்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கலாம்.

நம் வட்டாரத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: பள்ளிப் பேருந்து. தோட்டத்துப் பிள்ளையின் பேருந்து பாடம் முடிந்ததும் கிளம்பிவிடும். மாலையில் நடக்கும் காற்பந்துப் பயிற்சி, நடனப் பயிற்சி, சீருடை இயக்கம் இவற்றுக்கெல்லாம் இருக்க வேண்டுமானால் அப்பாவோ அண்ணனோ மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிப்போக வேண்டும். அமெரிக்காவில் பல பள்ளிகளின் நட்பு வரைபடங்களை ஒப்பிட்ட ஜேம்ஸ் மூடி, பல இன மாணவர்களும் கலந்து பங்குபெறும் புறப்பாட நடவடிக்கைகள் உள்ள பள்ளிகளில் இனம் தாண்டிய நட்பு அதிகம் என்று 2001இல் காட்டினார். மாலை நேரத்தில்தான் புதிய கோடுகள் விழுகின்றன. அந்த நேரத்தில் சிலர் செம்பனைக் காட்டு வழியே வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் “கூச்ச சுபாவம்” என்று எழுதிவிடுவது என்னைக் கேட்டால் அநியாயம்.

தெரிந்தவரும் பிடித்தவரும்

இப்போது காற்றாடி மேசைக்கு வருவோம். பிரபலம் என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் கலந்து பயன்படுத்துகிறோம். ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் பார்க்கக் கொஞ்ச காலம் ஆயிற்று.

1982இல் ஜான் கோய், கென்னத் டாட்ஜ், ஹைடி கொப்பொட்டெல்லி ஆகிய மூவரும் பள்ளிப் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். வகுப்பில் உனக்கு மிகவும் பிடித்தவர் யார்? மிகவும் பிடிக்காதவர் யார்? விடைகளைக் கொண்டு பிள்ளைகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். பலருக்கும் பிடித்தவர், பலராலும் ஒதுக்கப்பட்டவர், இரண்டு பட்டியலிலும் இல்லாத கவனிக்கப்படாதவர், இரண்டு பட்டியலிலும் நிறைய இடம்பெற்ற சர்ச்சைக்குரியவர், இவற்றுக்கு நடுவில் சராசரியானவர். சர்ச்சைக்குரியவர் வகையைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும்.

1998இல் ஜெனிபர் பார்க்ஹர்ஸ்டும் ஆண்ட்ரியா ஹாப்மேயரும் இன்னும் நேரடியாகக் கேட்டார்கள். “யாரைப் பிடிக்கும்?” என்பதோடு “யார் பிரபலம்?” என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர்கள் வரவில்லை. பிரபலம் என்று சொல்லப்பட்ட பலரை, அப்படிச் சொன்ன பிள்ளைகளுக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதிகாரம் செய்பவர்கள், தலைக்கனம் உள்ளவர்கள் என்றார்கள். உண்மையிலேயே பிடித்தவர்களை அன்பானவர்கள், நம்பத் தகுந்தவர்கள் என்றார்கள். இரண்டும் சேர்ந்த சிலரும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரபலமான எல்லாரும் கெட்டவர்கள் என்று யாரும் இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம்.

வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலன் குழு 184 பேரை 13 வயது முதல் 23 வயதுவரை பின்தொடர்ந்தது. பதின்மூன்று வயதிலேயே பெரியவர்களைப் போல் நடந்துகொள்ள முயன்றவர்கள், அதாவது சிறுசிறு விதிமீறல், காதல், அழகானவர்களோடு மட்டும் சேர்வது என்று இருந்தவர்கள், அந்த வயதில் பிரபலமாக இருந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அந்தப் பிரபலம் கரைந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் நட்பைப் பேணுவதில் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பின்தங்கியிருந்தார்கள். மது, போதைப்பொருள் சிக்கல்களும் அவர்களிடையே அதிகம். இந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அதே குழு 2017இல் வெளியிட்ட மற்றொரு முடிவு என்னை அதிகம் கவர்ந்தது. 15 வயதில் நெருக்கமான நட்பு இருந்தவர்களுக்கு 25 வயதில் தன்மதிப்புக் கூடியிருந்தது, மற்றவர்களோடு பழகுவதில் பதற்றம் குறைந்திருந்தது. பலராலும் நாடப்பட்டவர்களுக்கு அந்தப் பதற்றம் கூடியிருந்தது.

நெருக்கமான நட்பு என்றால் எத்தனை பேர் வேண்டும்? ஒருவர் இருந்தாலே வித்தியாசம் தெரிகிறது. ஏர்னஸ்ட் ஹாட்ஜஸ் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், பகடிவதைக்கு ஆளாகும் பிள்ளைகளிடையே, பரஸ்பரம் தேர்ந்தெடுத்த ஓர் உற்ற நண்பர் இருந்தவர்களுக்கு அந்தத் தொல்லை அடுத்த ஆண்டு கூடும் வாய்ப்புக் குறைவாக இருந்தது. நட்பு வரைபடத்தில் அது ஒரே ஒரு கோடு.

தட்டு ஒதுக்கும்போது

கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் எறிந்து விளையாடிக்கொண்டிருந்த பறக்கும் தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தார். அவர்களும் அவருக்கு எறிந்தார்கள். சிறிது நேரம் மூவரும் விளையாடினார்கள். பிறகு அவர்கள் இவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத இருவர், ஒரு பிளாஸ்டிக் தட்டு. இருந்தும் தமக்கு இவ்வளவு வலித்தது ஏன் என்று யோசித்தார். அதிலிருந்து கணினியில் பந்து எறியும் ஒரு விளையாட்டை உருவாக்கினார். விளையாடுபவருக்குத் தொடக்கத்தில் ஓரிரு முறை பந்து வரும், பிறகு வராது. சில நிமிடங்கள்தான். ஆனால் விளையாடியவர்களின் மனநிலையும் தன்மதிப்பும் இறங்கின. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், “எதிரே இருப்பவர்கள் மனிதர்கள் இல்லை, கணினிதான்” என்று முன்கூட்டியே சொல்லியும் அதே வலி இருந்தது.

ஆகவே புலனக் குழுவில் உங்கள் பெயரை மட்டும் சேர்க்காமல் விட்டதற்காக நெஞ்சு வலித்தால், நீங்கள் பலவீனமானவர் என்று பொருளில்லை. மனித மனம் அதற்கு அப்படித்தான் எதிர்வினை காட்டுகிறது. பல நாள் தொடர்ந்தால் பள்ளியின் ஆலோசனை ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

வாய்க்கால்

சுங்கை புரோங் பக்கத்து வயல்களுக்குப் பெர்ணம் ஆற்று நீர் பெரிய வாய்க்கால் வழியாக வந்து, தாலி ஆயர் எனப்படும் கிளை வாய்க்கால்களில் பிரிகிறது. ஒரு மதகை மூடினால் அதற்கு அப்பால் உள்ள வயல் காயும். மண் நல்ல மண்ணாகவே இருக்கலாம். நட்பு வரைபடத்திலும் இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் இப்படி ஒரு மதகு இருக்கும்: இரண்டு மேசையிலும் உட்காரக்கூடிய ஒருவர். அவருக்குக் கோடுகள் குறைவாகவே இருக்கலாம். ஆனால் அவர் இல்லாவிட்டால் படம் இரண்டாகப் பிரிந்துவிடும். தமிழ், மலாய் இரண்டிலும் சரளமாகப் பேசும் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த இடம் எளிதில் அமையும்.

மதகைத் திறக்க ஆசிரியர்களும் ஒரு வழி கண்டார்கள். 1971இல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், வெள்ளையர், கறுப்பர், ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுச் சண்டை மூண்ட வேளையில், எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கினார். ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழுவில் ஆளுக்கொரு துண்டு. மற்றவருடைய துண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தேர்வு எழுத முடியாது. கேலி செய்துகொண்டிருந்தவர்களும் காது கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வரலாற்றுக் குழுப்பணியில் உங்கள் ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

நீங்களே வரையுங்கள்

ஒரு தாளின் நடுவில் உங்களுக்கு ஒரு புள்ளி போடுங்கள். இந்த வாரம் ஓய்வு நேரத்தில் யாருடன் உட்கார்ந்தீர்கள், யாரிடம் வீட்டுப்பாடம் கேட்டீர்கள், பேருந்தில் யார் பக்கத்தில் இருந்தார் என்று புள்ளிகளும் கோடுகளும் போடுங்கள். அவர்கள் தங்களுக்குள் பழகுவது தெரிந்தால் அந்தக் கோட்டையும் போடுங்கள். “யாரைப் பிடிக்காது?” என்ற கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். ஆய்வாளர்களே அதற்குத் தக்க அனுமதியும் பாதுகாப்பும் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். படத்தை வகுப்பில் சுற்றுக்கு விடவும் வேண்டாம், கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பவும் வேண்டாம்.

பெயர்களுக்குப் பக்கத்தில், அந்த நட்பு எங்கே தொடங்கியது என்று ஒரு சொல் எழுதுங்கள்: நாற்காலி, பேருந்து, லயம், தமிழ்ப்பள்ளி, திடல். பிறகு தாளை மடித்து வையுங்கள். மூன்று வாரம் கழித்து, பழைய படத்தைப் பார்க்காமல் புதிதாக ஒன்று வரைந்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.